பட்டியலில் இல்லாத நான்கு எழுத்து

ஆபீசில் அவளுக்கு முழுசாக்கா என்று பேர். அதை வைத்த புண்ணியவான் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. பேர் மட்டும் இவளோடு தங்கிவிட்டது. பக்கத்து மேஜைக்காரி தலையை நீட்டி, "அக்கா, இந்த மூணு எழுத்தை அப்படியே விட்டுடலாமா? படிக்கிறவங்களுக்குப் புரியாதா?" என்று கேட்டால் போதும். "முழுசா எழுது. அவங்களுக்கே புரிஞ்சா உனக்கு எதுக்கு சம்பளம் குடுக்கறாங்க?" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். கேட்டவள் அப்புறம் இரண்டு நாளைக்கு வாயைத் திறக்கமாட்டாள்.

வேலை இதுதான். ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்குப் போய்க் காலை ஒடித்துக்கொண்டவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், செத்தவர்கள் எல்லோருடைய ஆஸ்பத்திரிக் கோப்பும் கடைசியில் இவள் மேஜைக்கு வரும். அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே டாக்டர்கள் வார்த்தை எழுதுகிற ரகம் இல்லை, எழுத்து எழுதுகிற ரகம். எச் டி ஏ என்றால் ரத்தக்கொதிப்பு. என் ஏ எம் சி என்றால் ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அங்கே வி ஐ எச் என்று எழுதினால் இங்கே எச் ஐ வி என்று திருப்பிப் போட வேண்டும். வியாதி அதேதான், எழுத்துதான் இடம் மாறி உட்காரும். ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது இப்படி வரும். அதிலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பழக்கம், ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பழக்கம். வெளியாளுக்குப் புரியவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு எழுதுகிறார்களோ என்று தோன்றும்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒரு பட்டியல் சேர்த்து வைத்திருந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் சுருக்கம், ஒவ்வொன்றுக்கும் நேரே முழு அர்த்தம். கம்ப்யூட்டரில் அதை ஏற்றி வைத்திருந்தாள். கோப்பைத் திறந்து ஒரு பட்டனைத் தட்டினால் பட்டியலில் உள்ளதெல்லாம் ஒரே மூச்சில் இங்கிலீஷில் விரிந்துவிடும். எந்தச் சுருக்கம் எத்தனை இடத்தில் மாறியது என்று ஓரத்தில் கணக்கு வரும். பட்டியலில் இல்லாத எழுத்து மட்டும் மஞ்சளாக நிற்கும். மஞ்சளுக்கு அவளிடம் ஒரே வழிதான். அந்த வார்டுக்கே போன் போட்டுவிடுவாள். கோப்பு எண்ணைச் சொல்லி, கம்பெனி பேரைச் சொல்லி, "இந்த எழுத்துக்கு உங்க வார்டுல என்ன அர்த்தம்?" என்று நேராகக் கேட்பாள். அந்த ஊர் நர்சுகளோடு அவள் ஸ்பானிஷில் பேசுவதைக் கேட்க மற்ற மேஜைக்காரர்கள் வேலையை நிறுத்துவார்கள். ஊகிப்பது என்பது அவள் அகராதியில் கெட்ட வார்த்தை.

டாக்டர்கள் மேல் அவளுக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. காரணம் இருந்தது. அந்த ஊர் டாக்டர் காலையில் வார்டைச் சுற்றி வரும்போது முதலில் எழுதுவது சி ஓ சி. நோயாளிக்கு நினைவு இருக்கிறது, தான் யார் எங்கே என்று தெரிகிறது, சொன்னதைக் கேட்டு ஒத்துழைக்கிறார். இவ்வளவும் அந்த மூன்று எழுத்துக்குள் அடக்கம். ஒரு தடவை ஒருவர் பத்து மணிக்குச் செத்துப் போயிருக்க, பதினொரு மணிக் குறிப்பில் சி ஓ சி என்று இருந்தது. முந்தின நாள் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார் மகராசன். "செத்தும் ஒத்துழைச்சிருக்கார் பாருங்க" என்று முழுசாக்கா சொல்ல, ஆபீசே சிரித்தது. அவளும் அன்றைக்குச் சிரித்தாள்.

இப்போது அம்மா கதைக்கு வர வேண்டும்.

அவளுக்கு ஒரே அண்ணன். இருபது வருஷமாக ஸ்பானிஷ் பேசும் ஊர் ஒன்றில் துணிக்கடை வைத்திருந்தான். அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிப் போனான். கூட்டிப் போனான் என்பது மரியாதைக்குச் சொல்வது, அள்ளிக்கொண்டு போனான். அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அரை மணி பேசுவாள். பேச்சு முடிகிற நேரத்தில் "வேற என்ன" என்பாள். வேற ஒன்றும் இருக்காது, இருந்தாலும் இன்னும் பத்து நிமிஷம் ஓடும்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழுசாக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். அன்று சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"அம்மாவுக்கு நினைவே இல்ல. கூப்பிட்டா கண்ணத் தொறக்கல. நீ வந்து பாத்து என்ன ஆகப்போகுது? நான் பக்கத்துலயேதான் இருக்கேன். ஏதாவது மாறினா சொல்றேன்."

"காதுல போனை வெச்சா நான் பேசறேன்."

"உள்ள போனெல்லாம் விடமாட்டாங்க."

அவள் போகாமல் நின்றுவிட்டாள். ஆபீசில் அந்த வாரம் ஒரு பஸ் விபத்துக் கோப்பு வந்து குவிந்து கிடந்தது, மேனேஜர் லீவை ரத்து செய்ததற்கு நன்றிகூடச் சொன்னார். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் அண்ணன் அங்கேயே முடித்துவிட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் முழுசாக்கா ஒன்றையே சொன்னாள். "நினைவில்லாமலே போயிட்டாங்க. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." வந்தவர்களும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், ஆபீசுக்குப் போனாள், தூங்கினாள். அம்மா தேடவில்லை, அதனால் இவள் போகாததில் தப்பில்லை. அது பொய்யாக இருந்தால் என்ன ஆவோம் என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்க இடமே கொடுக்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து அண்ணன் மறுபடி கூப்பிட்டான். இங்கே பதிவு அலுவலகத்தில் இறப்பைப் பதிய வேண்டுமாம். ஆஸ்பத்திரிக் கோப்பை இங்கிலீஷில் கேட்கிறார்களாம்.

"அறுபத்தோரு பக்கம் அனுப்பறேன். உனக்கு இதெல்லாம் அரை நாள் வேலை. வெளிய குடுத்தா கண்டவனும் படிப்பான்."

"நீ படிச்சுப் பாத்தியா?"

"அதுல படிக்க என்ன இருக்கு? எல்லாம் ஏ பி சி டின்னு எழுத்து எழுத்தா கெடக்கு."

இருபது வருஷம் அங்கே இருந்தும் அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் கடை ஸ்பானிஷ். அளவு, நிறம், சாயம் போகாது, பெரிய சைஸ் உள்ளே இருக்கிறது. டாக்டர் எழுத்தெல்லாம் அவனுக்குக் கோழி கிளறின மாதிரிதான். அந்த எழுத்தைப் படிப்பதற்கென்றே ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள், அவள் தன் கூடப் பிறந்தவள் என்பது அனுப்பும்போது அவனுக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. வீட்டில் சாப்பாட்டு மேஜையை ஒதுக்கி முழுசாக்கா உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேஜை மேல் விழுந்திருந்தது. வீட்டுக்காரர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். வேற்றாள் கோப்பு என்று நினைத்துக்கொண்டால்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு வரிகூடப் படிக்காமல் எப்போதும் போல முதலில் பட்டனைத் தட்டினாள்.

ஓரத்தில் கணக்கு இறங்கியது. எச் டி ஏ, இரண்டு இடம். என் ஏ எம் சி, நாலு இடம். அவள் பாட்டுக்கு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சி ஓ சி, ஒன்பது இடம்.

வேறொருத்தர் கோப்பைக் கலந்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். மேலே போய்ப் பேரைப் பார்த்தாள், பிறந்த தேதியைப் பார்த்தாள். அம்மாதான். பிறகு அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஒட்டியிருப்பார்கள். முதல் நாள் எழுதியதை எடுத்து ஒன்பது நாளும் ஒட்டியிருப்பார்கள், வேறென்ன செய்வார்கள் அந்தச் சோம்பேறிகள். டாக்டர்களின் சோம்பேறித்தனத்துக்காக அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

ஒவ்வொரு நாள் குறிப்பாகத் திறந்து பார்த்தாள். ஒட்டியிருந்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லை. ஒவ்வொரு நாளும் காய்ச்சல் வேறாக இருந்தது, ஆக்சிஜன் அளவு வேறாக இருந்தது. நாலாம் நாள் இடது கையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது, வலது கைக்கு மாற்றியாயிற்று. ஆறாம் நாள் கஞ்சி பாதிக் கிண்ணம் குடித்தார். கண்ணால் பார்த்து எழுதிய எழுத்து அது. இருபத்திரண்டு வருஷத்தில் எது பார்த்து எழுதியது எது ஒட்டியது என்று கண்டுபிடிக்க அவளைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது.

அதற்குக் கீழே நர்சுகளின் தாள்கள். முதல் நாளே எழுதியிருக்கிறார்கள், பாஷை தடை, மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்கிறோம். இரண்டாம் நாள், மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு தாளிலும் ஒரு மஞ்சள். எஸ் டி ஏ எச். கடைசி நாள் வரைக்கும் ஏழு தடவை. அந்தச் சுருக்கம் அவள் பட்டியலில் இல்லை. எந்த மருத்துவ அகராதியிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டாள்.

அப்புறம் அவள் செய்தது பழக்கதோஷம். கோப்பின் தலைப்பில் வார்டின் போன் நம்பர் இருந்தது. போனை எடுத்து அந்த நம்பருக்குப் போட்டாள். எடுத்த நர்சிடம் கோப்பு எண்ணைச் சொன்னாள், கம்பெனி பேரைச் சொன்னாள், மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன் என்றாள். மகள் என்று சொல்லவில்லை. எழுத்தைப் படித்துக் காட்டினாள்.

அந்தப் பக்கம் நர்சு ஸ்பானிஷில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"அது டாக்டருங்க எழுத்து இல்லைங்க. நாங்களா வெச்சிக்கிட்டது. போனைக் காட்டுகிறார், மகனுக்குச் சொல்லியாயிற்றுன்னு அர்த்தம். தினமும் இதையே எழுத வேண்டியிருந்தது. அதனால அஞ்சாறு பேர் சேர்ந்து நாலு எழுத்தாக்கிட்டோம். அந்த ஒரு அம்மாவுக்குத்தான். அப்புறம் யாருக்கும் போடல."

"போனைக் காட்டறதுன்னா?"

"கையை இப்படி மடக்கி காதுல வெச்சிக் காட்டுவாங்க. தெளிவா இருந்தாங்க. காலண்டரைக் காட்டினா சரியா தேதியத் தொடுவாங்க. வார்டு போனைக் கொண்டு போய் குடுத்தோம். மடமடன்னு நம்பரை அழுத்தினாங்க, மனப்பாடமா. ஆனா எங்க போன்ல வெளிநாட்டுக்குப் போகாது. அதனால மகனுக்குச் சொன்னோம். வரேன் வரேன்னு சொல்வாரு."

"வந்தாரா?"

"ரெண்டு தடவை. ஒரு தடவை தூங்கிட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு." நர்சு மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவங்க பாஷை பேச எங்க லிஸ்டுல ஆளே இல்ல. நீங்க இவ்வளவு நல்லா பேசறீங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பேரைக் குடுங்க. இன்னொரு தடவை இப்படி ஆகக்கூடாது."

தருகிறேன் என்று சொல்லி முழுசாக்கா போனை வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. தலைக்கு மேல் ஏறிக்கொண்டு வந்தது. அதே சூட்டோடு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அம்மாவுக்கு நினைவு இருந்துச்சு. ஒன்பது நாளும் இருந்துச்சு."

"யாரு சொன்னா?"

"நீ அனுப்பின கோப்பு சொல்லுது."

அவன் முதலில் டாக்டர்கள் ஏதாவது எழுதுவார்கள் என்றான். காய்ச்சலையும் கஞ்சியையும் இவள் நாள்வாரியாகச் சொன்னதும் அது நின்றது. பிறகு, அது சரக்கு இறங்குகிற வாரம், கடையில் ஆள் இல்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஆரம்பித்தான். நான் போனபோது கண் மூடித்தான் இருந்தாள், அதைத்தானே சொன்னேன் என்றான். உனக்கு வேலை போய்விடக் கூடாது என்று உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாக உடைத்தாள். அதில் அவளுக்கு ஒரு ருசியே இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

"பக்கத்துலயே இருக்கேன்னு சொன்னே. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ஏழு நாள் போனைக் காட்டியிருக்காங்க. ஏழு நாளும் உன்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன் செல்லை எடுத்து அம்மா கையில குடுக்க உனக்கு என்ன கேடு?"

தப்பு செய்துவிட்டேன் என்று அண்ணன் சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அதைக் கேட்டால் போதும் என்றுகூட இருந்தது.

"சரி, நான் பாவி. வெச்சுக்கோ," என்றான். குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணு கேக்கறேன். தினமும் இந்த நாட்டு ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் போட்டு ஊர் பேர் தெரியாதவனுக்கு என்ன வியாதின்னு கேக்கறவ நீ. ஆஸ்பத்திரி பேரு சொன்னேன், வார்டு சொன்னேன். நீ ஏன் ஒரு போன் போடல?"

அவனே மேலே சொன்னான்.

"நான் சொன்னேன், நீ நம்பினே. ஏன் நம்பினே? உனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு."

எதிரில் வீட்டுக்காரர் மடித்த துணியோடு வந்து நின்றார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். அண்ணன் சொன்னது முழுக்க முழுக்க நிஜம். வராதே என்று அவன் சொன்ன அந்தச் சாயங்காலம் முதலில் அவள் மனசில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்றுதான் வந்தது. விமானத்தில் ஏற வேண்டாம், அண்ணன் வீட்டில் போய் நிற்க வேண்டாம், என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று அம்மா கையைப் பிடித்தால் என்ன சொல்வது என்று தவிக்க வேண்டாம். போனெல்லாம் விடமாட்டார்கள் என்று அவன் சொன்னபோதே அது புளுகு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த வார்டில் விடுவார்கள், எந்த வார்டில் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"லைன்ல இருக்கியா?" என்றான் அண்ணன்.

"இருக்கேன்."

"பேப்பர் எப்ப வரும்? அங்க திங்கக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கான்."

"நாளைக்கு அனுப்பறேன்."

அனுப்பத்தான் வேண்டும். அவள் மறுபடி கோப்பைத் திறந்தாள். ஏழு மஞ்சளையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே டைப் அடித்தாள். நோயாளி தொலைபேசியைக் காட்டுகிறார், மகனுக்குத் தகவல் சொல்லப்பட்டது. ஏழு தடவையும் முழுசாக எழுதினாள். மகள் என்று எந்த இடத்திலும் இல்லை. இப்படி ஒருத்தி இருப்பதே அந்த வார்டுக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும், போட்ட போன்களையெல்லாம் கம்ப்யூட்டரில் உள்ள ஆபீஸ் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தேதி, ஆஸ்பத்திரி, என்ன எழுத்து, யார் விளக்கம் சொன்னார்கள். இன்றைய போனை ஏற்றுவதற்காக அதைத் திறந்தவள், ஏற்றாமல் மேலே மேலே தள்ளி மூன்று மாசத்துக்கு முந்தின பக்கத்துக்குப் போனாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒன்பது நாளில் அவள் அந்த நாட்டுக்குப் பேசிய போன்களை விரலால் தொட்டு எண்ணினாள். ஒருத்தருக்கு மூத்திரத்தில் ஏதோ, ஒருத்தருக்கு முழங்காலில் ஏதோ, ஒரு குழந்தைக்குக் காதில் ஏதோ. மொத்தம் பதினொன்று. பதினொன்றுக்கும் எதிரே, வார்டு செவிலி பொறுமையாக விளக்கினார் என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது.